பாதுகாப்புச் செலவும் பாமரர் வாழ்வும்

பெங்களூரில் வாழும் தமிழன்பர் ஒருவரிடம், "படைச் செலவால் நாட்டுக்கு நன்மையா, தீமையா?" என்று வினவினால் அவர் சற்றுத் தயங்குவார். அவர் வீட்டிலோ அண்டை வீட்டிலோ விமானத் தொழிற்சாலையில் ஊதியம் பெற்றவர் ஒருவர் இருந்திருக்கக் கூடும். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு நிறுவிய விமானத் தொழிற்சாலையும், 1954-இல் ஜாலஹள்ளியில் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இந்நகரில் குடியேறிய தமிழர் பலருக்குச் சோறளித்தவை. சோறளித்த செலவை வீண் என்று சொல்ல நா எழுமா?

ஆயினும் பொருளாதார நூலோர் எழுப்பும் வினா வேறு. ஒரு ரூபாய் யார் கைக்குச் சென்றது என்பதன்று. அதே ரூபாய் வேறெங்குச் சென்றிருக்கக் கூடும் என்பதே அவர்கள் வினா. பீரங்கி செய்தாலும் கூலி உண்டு. நீரிறைக்கும் பம்பு செய்தாலும் கூலி உண்டு. பம்பு ஆண்டுதோறும் வயலுக்கு நீர் தரும். பீரங்கியோ கொட்டகையில் நின்றபடியே எண்ணெயும் காவலும் கேட்கும். அது சுடாமல் நிற்பதே நமக்கு நலம் என்பதும் மெய்யே!

1962 அக்டோபரில் சீனப்படை எல்லை கடந்தபோது மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. 1963-64 வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் பாதுகாப்புக்கென ஒதுக்கிய தொகை 867 கோடி ரூபாய். இரண்டாண்டுகளுக்கு முன் செலவானதைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது அது. கட்டாயச் சேமிப்பும் மிகை இலாப வரியும் உடன் வந்தன.

இவற்றைவிட ஆழத் தைத்தது தங்கக் கட்டுப்பாடு. அயல்நாட்டுச் செலாவணி கடத்தல் பொன்னில் கரைந்து போகலாகாது என்று, 1963 ஜனவரியில் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யத் தடை விதிக்கப்பட்டது. 22 காரட்டில் கை பழகிய பரம்பரைப் பொற்கொல்லரின் உலை ஆறியது. கோலார் சுரங்கங்களில் தமிழ்த் தொழிலாளர் பொன் அகழ்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், பொன்னை வனையும் தட்டார் வேலையின்றி நின்றார். படைத் தொழிற்சாலையில் புதிதாக அமர்ந்த இளைஞனின் ஊதியம் பாதுகாப்புக் கணக்கில் ஏறியது. தட்டார் இழந்த கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தங்கக் கட்டுப்பாடு முற்றும் நீங்க 1990 ஆயிற்று.

பின்னர் 1965-இல் பாகிஸ்தானுடன் போர். அடுத்தடுத்து இரு ஆண்டுகள் மழையும் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கி நாடு காத்திருந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. நான்காம் திட்டம் மூன்றாண்டு தள்ளிப்போய் 1969-இல்தான் தொடங்கிற்று. பழி முழுவதையும் படைச் செலவின் மேல் சுமத்துவது நியாயமன்று. வானம் செய்த கேடும் பெரிது. படை ஆயத்தமின்றி இருந்ததற்கு 1962-இல் நாம் கொடுத்த விலையும் சிறிதன்று.

2025-26 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கே செல்வது. ஆகவே மொத்தத் தொகையைக் காட்டி, 'இத்தனையும் ஆயுதம்' என்பது பிழை. 'இத்தனையும் வேலைவாய்ப்பு' என்பதும் பிழையே.

பெங்களூர் விமானத் தொழிற்சாலையின் பழைய வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து விமான வேலை குறைந்தபோது, அங்கே இரயில் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினர். அப்பெட்டிகளில் ஏறிச் சொந்த ஊர் சென்று திரும்பிய தமிழர் எத்தனை பேரோ!