முன்னே பாதை, பின்னே கோடரி!

குலசேகரன்பட்டினத்தில் நின்று மேற்கே பாருங்கள். என்ன தெரிகிறது? பனைமரம். அதற்கு அப்பால் செம்மண் தேரி. காடு தெரியாது.

ஆனால் இந்தப் பக்கத்து மக்கள் ஒரு காட்டை நம்பித்தான் இருக்கிறார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அங்கே பெய்கிற மழைதான் மணிமுத்தாறாக இறங்குகிறது. 1958-ல் கட்டிய மணிமுத்தாறு அணையிலிருந்து ஒரு கால்வாய் புறப்பட்டு, நாங்குநேரி வழியாகச் சாத்தான்குளம் வட்டாரம் வரை வருகிறது. கால்வாயில் தண்ணீர் வந்தால் குளம் நிறையும். குளம் நிறைந்தால் கிணறு ஊறும், வாழை தழைக்கும்.

அந்த மலைக்கு ஒரு பாதை போனது. அந்தப் பாதையின் கதையைக் கேளுங்கள்.

99 வருடக் குத்தகை

அணைக்கு மேலே, 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது மாஞ்சோலை. முன்பு அது சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான காடு. வருடம் முழுவதும் பச்சை மாறாத மழைக்காடு!

1929-ல் ஜமீன் சுமார் 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது.

மலையில் பாதை வெட்டினார்கள். பாதை வழியே ஆட்கள் போனார்கள். மரங்கள் சாய்ந்தன. தேயிலையும் காப்பியும் ஏலமும் வந்தன. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் உண்டாயின.

கோடரி பிடித்தவர்கள் யார்? நெல்லைச் சீமையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிழைக்கப் போன ஏழைகள். காட்டை அழிக்க வேண்டும் என்று அவர்கள் போகவில்லை. கஞ்சிக்காகப் போனார்கள்.

மீன்முள் போல!

உலகம் எங்கும் இதே கதைதான்.

தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டில், 1970-ல் அமேசான் காட்டுக்குள்ளே நெடுஞ்சாலை போடத் தொடங்கினார்கள். "நிலம் இல்லாத மனிதருக்கு, மனிதர் இல்லாத நிலம்" என்றது அரசாங்கம். அங்கே ஆதிகுடிகள் ஏற்கெனவே வாழ்ந்து வந்தார்கள். அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சாலையின் இரு பக்கமும் குடியேறினார்கள். குடியேறியவர்கள் கிளைப் பாதை போட்டார்கள். கிளையிலும் கிளை பிரிந்தது. வானத்திலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும்! நடுமுள், பெரிய சாலை. பக்க முட்கள், கிளைப் பாதைகள். அந்த முட்களின் ஓரத்தில்தான் காடு தேய்கிறது.

2014-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அமேசானில் அழிந்த காட்டில், 100-க்கு 95 பங்கு, சாலையிலிருந்து ஐந்தரை கிலோ மீட்டருக்குள், அல்லது படகு போகும் ஆற்றிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் இருந்தது!

வெயில் நுழைந்தால்...

மழைக்காடு, கூரை போட்ட வீடு மாதிரி. உள்ளே நிழல், ஈரம். உதிர்ந்த இலை மெத்தை போலக் கிடந்து மழையைக் குடிக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும்.

சாலை என்பது கூரையில் விழுந்த கிழிசல். வெயிலும் காற்றும் நுழையும். இலை மெத்தை காயும். தீப் பிடிப்பது எளிது. சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவி வாழ்கிற பிராணி. கிளை அறுந்தால் அதற்கு வழி அறுந்தது.

சாலை கெட்டதா?

அப்படியானால் சாலையே கூடாதா? யார் அப்படிச் சொல்வார்கள்? சாலை இல்லாவிட்டால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எப்படி? கருப்பட்டி சந்தைக்குப் போவது எப்படி?

சாலை எங்கே போகிறது, அதற்குக் காவல் உண்டா என்பதுதான் கேள்வி.

மாஞ்சோலையைப் பாருங்கள். 1952-ல் ஜமீன் ஒழிந்தது. 1988-ல் அந்த மலை களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. பாதைக்குக் காவல் போட்டார்கள். மீன்முள் முளைக்கவில்லை. தோட்டத்தைச் சுற்றி இன்னும் காடு நிற்கிறது. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் உண்டு!

மலையை விட்டு இறங்குகிறவர்கள்

காடு பிழைத்தது. மனிதர்கள்?

தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக 1999 ஜூலை 23-ல் நெல்லையில் ஊர்வலம் நடந்தது. போலீஸ் தடியடி நடந்தது. 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள்.

குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் கம்பெனி தோட்ட வேலையை நிறுத்தி, தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் போகச் சொன்னது. தோட்டத்தை அரசாங்கமே நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை.

நான்கு தலைமுறை! பாட்டன் மலை ஏறினான். பேரனின் மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பாதை ஒன்றுதான்.

காடு திரும்ப வளரட்டும். அது நம் குளத்துத் தண்ணீர். ஆனால் அதற்கு உரிய விலையை அந்த ஏழைகள் மட்டும் கொடுப்பது நியாயமா? இறங்கி வருகிறவர்களுக்கு வீடு வேண்டும், வேலை வேண்டும்.

மரத்தை வெட்ட ஒரு நாள் போதும். அது நின்ற காடு திரும்பி வர, ஒரு மனிதனின் ஆயுள் போதாது. காட்டுக்குள் அடுத்த பாதை போடும் முன்பு, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாமா?