பரண் ஏடும் பொதுச் சொத்தும்

தமிழ்நாட்டுப் பழைய குடும்பங்களில் பாகப்பிரிவினை நிகழுங்கால் நிலமும் நகையும் பாத்திரமும் குன்றிமணியளவும் பிசகாமல் பங்கிடப்படுகின்றன. பரண்மீது கிடக்கும் ஏட்டுச் சுவடிகளை மட்டும் கேட்பாரில்லை. வைத்திய ஏடுகளும் கணக்கேடுகளும் செல்லுக்கு இரையாகின்றன. ஆடிப்பெருக்கன்று ஆற்றோடு விடப்பட்டவையும் பல. கல்வராயன் மலையை அடுத்த சங்கராபுரம் வட்டாரம் மட்டும் இதற்கு விலக்காயிருக்க நியாயமில்லை. ஆதலின், ஒரு குடும்பத்தின் சேகரிப்பு பொதுஜனங்களின் உடைமையான வரலாற்றை அவ்வூரார் சிந்தித்தல் நலம்.

தஞ்சைச் சரஸ்வதி மகால், நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி மராட்டிய மன்னர்களால் வளர்க்கப்பட்டது. 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி, காசி யாத்திரையிலும் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். ஐரோப்பிய நூல்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். அவர் மைந்தர் சிவாஜி 1855-இல் ஆண் சந்ததியின்றி மறையவே, கம்பெனியார் ராஜ்யத்தைத் தம் வசமாக்கிக்கொண்டனர். ராஜ்யம் போயிற்று, சைனியம் போயிற்று, ஏடுகள் எஞ்சின. 1918-இல் அரச குடும்பத்தின் வாரிசுகள் அவற்றைப் பொதுஜனங்களுக்கு அர்ப்பணிக்க, சென்னை சர்க்கார் அதனைத் தர்ம ஸ்தாபனமாக்கிற்று. பண்டிதக் குடும்பங்கள் சிலவும் தத்தம் சுவடிகளை அங்கே சேர்ப்பித்தன.

கொடையோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. இன்ன ஏடு இங்கே உள்ளதென்று அறிய வழியில்லையேல், பரணுக்கும் நூலகத்துக்கும் பேதமென்ன? அங்குள்ள வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து பர்னல் துரை தொகுத்த அட்டவணை 1880-இல் அச்சேறிற்று. பின்வந்த அறிஞர்கள் விரிவான விவரண அட்டவணைகளை வெளியிட்டனர். சுவடிகள் நூல்களாய்ப் பதிப்பிக்கப்பட்டன. அரிய ஓவியங்களும் படங்களும் காட்சிசாலையில் வைக்கப்பட்டமையால், ஏடு படிக்கத் தெரியாதவரும் கண்டு பயன்பெறலாயினர். 1983-இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமென அறிவிக்கப்பட்டது.

“அது அரசர் வீட்டுச் செல்வம், எங்களிடம் இருப்பதோ நாலு ஏடு” என்று சிலர் கூறலாம். ஏரிப்பாசனம் எவ்வாறு நடந்தது, மலையினின்று எம்மூலிகை இறங்கிற்று, பஞ்ச காலத்தில் நிலம் என்ன விலைக்குப் போயிற்று என்பவற்றை ஒரு குடியானவன் வீட்டு ஏடே கூறக்கூடும். அத்தகைய செய்திகளை அரசர் நூலகத்தில் தேடிப் பயனில்லை. பத்திரத்தைக் கைவிட்டால் நிலத்துக்குக் கேடு வருமோ என்னும் அச்சமும் இயல்பே. அத்தகையோர் மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு, நிழற்படப் பிரதியை மாத்திரம் அளிக்கலாம்.

இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. அது 1948-இல் நிறைவேறிற்று. வீட்டுவரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். சங்கராபுரத்தில் பூச்சியரிக்காத அலமாரிகள் கொண்ட ஓர் அறையும், கொடுத்தவர் பெயரும் ஏட்டின் பொருளும் குறித்த ஓர் அட்டவணையும், யாவருக்கும் திறந்த கதவும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அறையை நூலக நிர்வாகத்தினர் அளிக்கவேண்டும். ஏட்டை வீட்டார் அளிக்கவேண்டும். நிலத்தைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பாகமும் குறையும்; ஏட்டைப் பொதுவாக்கினாலோ எவர் பாகமும் குறைவதில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின்கீழ் அவை நனையுமுன் இம்முயற்சி தொடங்குமாக.