நாடகத் தனிமொழியில் கேட்போர்: கற்பித்தல் நோக்கில் ஒரு குறிப்பு

நாடகத் தனிமொழியைக் கற்பிக்கும்போது பேசுவோரின் குணநலனை ஆராய்வதிலேயே வகுப்பு நேரம் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. பேச்சு யாரை நோக்கியது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. எனினும் தனித்து நின்று உரைக்கும் தன்னுரையிலிருந்து இவ்வகையைப் பிரிப்பது வாய்திறவாக் கேட்போரின் இருப்பே ஆகும். தமிழில் நடித்துப் பயிலும் மாணவர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

ராபர்ட் பிரௌனிங் 1842இல் வெளியிட்ட 'மை லாஸ்ட் டச்சஸ்' 56 அடிகளைக் கொண்டது. ஃபெராராவின் கோமகன், மறைந்த தன் மனைவியின் ஓவியத்தைத் திரைவிலக்கிக் காட்டிப் பேசுகிறான். கேட்பவர், அவன் அடுத்து மணக்கவிருக்கும் பெண்ணின் தந்தை அனுப்பிய தூதர். ஆங்கிலம் அவரை ஒரே முன்னிலைப் பெயரால் சுட்டிவிடுகிறது. தமிழிலோ வினைமுற்று விகுதியே உறவைக் காட்டிக்கொடுத்துவிடும். அமருமாறு வேண்டும் இடத்தை 'அமரலாமே' என்று பெயர்த்தால் சிக்கல் எழாது. ஆனால் இந்த உத்தி சில அடிகளுக்கே உதவும். 'நீ' என்றால் கோமகனின் பண்பட்ட வெளித்தோற்றம் குலைகிறது. 'நீங்கள்' என்றால் எவர்க்கும் தாழாத அவன் செருக்கு நீர்த்துப்போகிறது. 'நீர்' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அதில் சரித்திரப் படங்களின் வாடை வீசும் என்பார் உண்டு, வீசட்டும். மனைவி 'அவள்', தூதரின் தலைவர் 'அவர்'. ஓவியரோ துறவி. அவரைக் கோமகன் எவ்வாறு சுட்டுவான் என்பதை மாணவர் வாதிட்டு முடிவு செய்யலாம்.

தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், முன்னம் ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாக எண்ணுகிறது. அகப்பாடலின் கேட்போர் தோழி, பாங்கன் என மரபு வகுத்த மாந்தர். பிரௌனிங்கின் தூதர் அத்தகையவர் அல்லர். ஆயினும் யார் யாரிடம் எவ்விடத்துப் பேசுவது தகும் என்பதைக் குறிப்பால் உணர்த்தும் 'முன்னம்' இங்கும் பயன்படும் கருவியே. இருவரும் சேர்ந்தே படியிறங்குவோம் என்று கோமகன் சொல்வதிலிருந்து, தூதர் ஒதுங்கி வழிவிட்டிருக்க வேண்டும் என உய்த்துணர்கிறோம். அங்கு 'நாம்' என்பதே வரும், 'நாங்கள்' வாராது.

பயிற்சியில் ஒரு மாணவரைத் தூதராக எதிரே அமர்த்தி, அவர் பேச நினைத்து அடக்கிக்கொள்ளும் சொற்களைப் பனுவலின் ஓரத்தில் எழுதச் செய்யலாம். ஆணையிட்டதையும் அதனோடு மனைவியின் புன்னகை நின்றதையும் கோமகன் கூறும் இடத்தில் நடிப்போர் பெரும்பாலும் குரலைத் தாழ்த்துவர். அது தேவையற்றது. அச்சம் தூதரின் முகத்தில் தோன்ற வேண்டுவதே அன்றி, கோமகனின் குரலில் அன்று. அடுத்து, முன்பு அமரச் சொன்ன அதே தொனியில் அவன் 'எழலாமே' என்கிறான்.