பழைய டயரும் கொசுவும்

தெருவோரம் கிடக்கும் பழைய டயரைப் புரட்டிப் பாருங்கள். எப்படித் திருப்பினாலும் உள்ளே சிறிது மழைநீர் தங்கிவிடும். இருட்டு, நிழல், மட்கிய இலை. ஏடிஸ் கொசுவின் புழுக்களுக்கு வேறென்ன வேண்டும்?

தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இக்கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டயரின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. நீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் நீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். வெப்பமான பருவத்தில் சுமார் பத்து நாட்களில் கொசுவாகிப் பறந்துவிடும்.

இவ்வுலர்ந்த முட்டைகள் கடலையே கடந்திருக்கின்றன! ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு, 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பெருகியிருந்தது தெரியவந்தது. ஆசியாவிலிருந்து கப்பலேறிய பழைய டயர்களே அதைக் கொண்டுசேர்த்தன என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினர்.

கருவிலுள்ள குழந்தையின் மூளையைத் தாக்கும் ஜிகா நோய் 2016இல் அச்சுறுத்தியபோது, அதே நகரின் நிர்வாகம் மருந்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. சட்டத்தை மீறிக் கொட்டப்பட்ட டயர்களையும் குப்பையையும் அள்ளத் தொடங்கியது. காரணம் விளங்குகிறதல்லவா? புகைமருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். ஒட்டியிருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

ஏடிஸ் நெடுந்தொலைவு பறப்பதுமில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஆகவே, காலிமனையில் யாரோ எறிந்த டயரில் பிறந்த கொசு, அம்மனையை அடுத்த வீடுகளில் உள்ளவர்களைத்தான் முதலில் கடிக்கும்.