நஞ்சுக்கொடிப் புரதங்களும் கருவின் வளர்ச்சியும்

நஞ்சுக்கொடிப் புரதக் குறிகாட்டிகள் என்பவை, கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் உருவாகித் தாயின் இரத்தத்தில் கலக்கும் சில புரதங்கள் ஆகும். கருவுக்கு வேண்டிய ஆக்சிசனும் ஊட்டமும் நஞ்சுக்கொடி வழியாகவே செல்கின்றன. ஆகவே இப்புரதங்களின் அளவைக் கொண்டு நஞ்சுக்கொடியின் நிலையையும், கருவின் வளர்ச்சி குன்றும் வாய்ப்பையும் மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர்.

வளர்ச்சிக் குறைவு

கர்ப்பத்தின் முற்பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் தமனிகளை அகலப்படுத்துகின்றன. இது சரியாக நடைபெறாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தம் குறைந்து, கருவின் வளர்ச்சி குன்றலாம். கடுமையான நிலையில் குழந்தை வயிற்றிலேயே இறக்கவும் கூடும்.

ஒரே வார வயதுடைய 100 கருக்களை எடை வரிசையில் நிறுத்தினால், எடை குறைந்த முதல் பத்தில் இடம்பெறுபவை சிறிய கருக்கள் எனப்படும். ஆனால் சிறியவை எல்லாம் நலம் குன்றியவை அல்ல. சிறிய உடல்வாகு கொண்ட பெற்றோரின் குழந்தை இயல்பாகவே சிறியதாக இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய இப்புரதங்கள் ஓரளவு உதவுகின்றன.

முக்கியப் புரதங்கள்

பாப்-ஏ: கர்ப்பிணிகளின் இரத்தத்தில் 1974-இல் இது முதன்முதலாக அறியப்பட்டது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியை வேறொரு புரதம் கட்டி வைத்திருக்கும். பாப்-ஏ கத்தரிக்கோல் போல அந்தப் புரதத்தை வெட்டி, வளர்ச்சிக் காரணியை விடுவிக்கிறது. டவுன் நோய்க்குறி வாய்ப்பைக் கணிக்க 11 முதல் 14 வாரங்களுக்குள் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையில் இதுவும் அளக்கப்படுகிறது.

நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி: புதிய இரத்தக் குழாய்கள் உருவாக உதவுகிறது. இயல்பான கர்ப்பத்தில் இதன் அளவு ஏறத்தாழ 30-ஆவது வாரம் வரை உயர்ந்து, பின்னர் குறைகிறது.

எஸ்எஃப்எல்டி-1: மேற்கண்ட காரணியைப் பற்றிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. இது மிகுவதற்கும், பிரீ-எக்லாம்சியா எனப்படும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய்க்கும் உள்ள தொடர்பை 2003-இல் பாஸ்டன் நகரில் அனந்த் கருமாஞ்சி குழுவினர் வெளியிட்டனர். இந்நோய் பல நேரங்களில் கருவின் வளர்ச்சிக் குறைவோடு சேர்ந்தே வரும்.

நஞ்சுக்கொடி லாக்டோஜென்: தாயின் உடல் குளுக்கோசைக் குறைவாகப் பயன்படுத்தச் செய்து, கருவுக்கு அது கிடைக்க வழிசெய்கிறது. ஒரு காலத்தில் நஞ்சுக்கொடியின் நிலையை அறிய இதை அளந்தனர். அல்ட்ராசவுண்டு ஸ்கேன் பரவிய பின் அவ்வழக்கம் மறைந்தது.

முடிவைப் புரிந்துகொள்ளுதல்

பாப்-ஏ அளவு வாரந்தோறும் உயர்வதால், அது நடுமதிப்பின் மடங்காகக் குறிக்கப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் கர்ப்பிணிகளின் நடுமதிப்பு 2 அலகு என்றும், ஒருவருக்கு 0.8 அலகு என்றும் கொள்வோம். அவருடைய முடிவு 0.4 மடங்கு ஆகும். பொதுவாக இந்த அளவும் இதற்குக் கீழும் குறைவாகக் கருதப்படுகின்றன. தாயின் எடை, புகைப்பழக்கம் ஆகியவையும் கணக்கில் கொள்ளப்படும். கர்ப்ப வாரத்தைக் கூடுதலாகக் கணக்கிட்டுவிட்டால், இயல்பான அளவும் குறைவாகத் தோன்றும்.

குறைந்த மதிப்பு என்பது நோய் அன்று. கூடுதல் கவனம் தேவை என்பதற்கான அறிவிப்பு மட்டுமே. குறைந்த பாப்-ஏ உள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தையையே பெறுகின்றனர். அதேபோல், இயல்பான மதிப்பு முழு உறுதியும் தராது.

அடுத்த நடவடிக்கை

இப்புரதங்களை உயர்த்தும் மருந்தோ உணவோ வழக்கில் இல்லை. ஆபத்து மிகுந்தவர்களுக்குத் தொடர் ஸ்கேன் மூலம் கருவின் வளர்ச்சியும், டாப்ளர் முறையில் தொப்புள்கொடியின் இரத்த ஓட்டமும் கவனிக்கப்படும். சிலருக்கு 16 வாரங்களுக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கப்படும். முன்கூட்டியே வரும் பிரீ-எக்லாம்சியாவை இது குறைப்பதாக 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. இதை மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளக் கூடாது. கருவின் வளர்ச்சி உண்மையிலேயே குன்றியிருந்தால், குழந்தையை உரிய நேரத்தில் பிறக்கச் செய்வதே முதன்மையான வழி. அந்த நேரத்தைத் தவறவிடாமல் இருக்கவே முன்னறிவிப்பு தேவைப்படுகிறது.