கண்ணாடிக் குடுவை விற்போர் கவனத்திற்கு

மளிகையோடு கண்ணாடிச் சாமான்களும் வைத்திருக்கும் நம் உறுப்பினர்களிடம், பரிசளிக்க 'ஒயின் செட்' கேட்டு வருவோர் உண்டு. ஒயின் விற்பது உரிமம் பெற்றவர் வேலை. கண்ணாடி விற்பது நம் வேலை. விற்கும் சரக்கின் உபயோகம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடுவை எதற்கு?

பல ஆண்டுகள் பாட்டிலில் இருந்த சிவப்பு ஒயினிலும், போர்ச்சுகல் நாட்டு 'வின்டேஜ் போர்ட்' வகையிலும் அடியில் மண்டி படியும்; எண்ணெய் டின்னில் கசடு தங்குவது போலத்தான். பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் விளக்கு வெளிச்சம் காட்டி, ஆடாமல் மெல்லச் சாய்த்து வடிப்பார்கள். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதிக வயதாகாத சிவப்பு ஒயினை, காற்றுப் பட்டுத் துவர்ப்பு மட்டுப்படுவதற்காக, அடி அகன்ற குடுவையில் ஊற்றுவார்கள். மிகப் பழையதை முன்கூட்டியே வடித்து வைத்தால் மணம் போய்விடும்.

எந்தக் கிளாஸ்?

சிவப்பு ஒயினுக்கு வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகியது. வெள்ளைக்கு அதைவிடச் சிறியது. நுரைக்கும் வகைக்கு ஒடுங்கி உயர்ந்தது. கைச்சூடு ஏறாமலிருக்கவே நீண்ட தண்டு. நிறம் தெரிய வேண்டுமென்பதால் பூவேலையும் சாயமும் இல்லாத கண்ணாடியே உகந்தது.

காரீய எச்சரிக்கை

பழைய முறைக் 'கிரிஸ்டல்' கண்ணாடியில் பளபளப்புக்காகக் காரீயம் சேர்ப்பார்கள். ஐரோப்பாவின் 1969ஆம் ஆண்டு விதிப்படி, காரீய ஆக்சைடு 24 சதவீதமாவது இருந்தால்தான் 'லெட் கிரிஸ்டல்' எனலாம். புளிப்புள்ள திரவம் இந்தக் காரீயத்தைக் கரைத்தெடுக்கும். அமெரிக்காவில் நடந்து 1991இல் வெளியான ஆய்வொன்றில், இத்தகைய குடுவையில் வைத்த போர்ட் ஒயினில் லிட்டருக்கு 89 மைக்ரோகிராமாக இருந்த காரீயம், 4 மாதத்தில் 3,518 ஆக உயர்ந்தது. பரிமாறும் நேரத்தில் கரைவது சொற்பம். நாள்கணக்கில் நிரப்பி வைப்பதே ஆபத்து.

நம் வாடிக்கையாளர் அதில் ஒயின் ஊற்றாமல் போகலாம். ஆனால் அழகாக இருக்கிறதே என்று எலுமிச்சைச் சாறோ, வினிகரோ, ஊறுகாயோ போட்டு வைப்பார். அதுவும் புளிப்புதான். ஆகவே கொள்முதலின்போதே காரீயம் இல்லாத சரக்கா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவோம். காரீயக் கண்ணாடி கையிருப்பில் இருந்தால், 'அலங்காரத்திற்கு மட்டும். எதையும் சேமித்து வைக்க வேண்டாம்' என்று சொல்லியே விற்போம். சாதாரணக் கண்ணாடியைக் கிரிஸ்டல் என்று சொல்லி விலை ஏற்றவும் வேண்டாம். ஒரு செட்டில் வரும் லாபத்தைவிட, அந்தக் குடும்பம் மாதாமாதம் நம்மிடம் போடும் மளிகைக் கணக்கு பெரிது.