ஆறு இருக்கை, ஒரு நடைவழி

டிக்கெட் மலிவானதன் ரகசியம் விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதற்குப் பயணி கொடுக்கும் விலையும் அங்கேதான்.

கிழக்குக் காற்று வீசினால் டெல்லியின் துவாரகாவில் பேச்சு அடிக்கடி அறுபடும். பக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தில் இறங்க வரும் விமானங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளை உரசுவதுபோல் தாழப் பறக்கும். காற்று மேற்கிலிருந்து வந்தாலும் நிம்மதி இல்லை. அப்போது புறப்படும் விமானங்களின் இரைச்சல்.

மொட்டை மாடியில் நின்று அரை மணி நேரம் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். வாலில் தீட்டிய நிறங்கள்தான் வேறு வேறு. உடல் கிட்டத்தட்ட ஒன்றே: இரண்டு என்ஜின், உள்ளே ஒற்றை நடைவழி, பக்கத்துக்கு மூன்றாக வரிசைக்கு ஆறு இருக்கை. பெரும்பாலானவை ஏர்பஸ் ஏ320 குடும்பத்தைச் சேர்ந்தவை. மீதியில் கணிசமானவை அதன் போட்டியாளரான போயிங் 737. இரட்டை நடைவழி கொண்ட பெரிய விமானம் எப்போதாவதுதான் தலைகாட்டும்.

முன்பு நிலைமை வேறு. 1971இல் ஏர் இந்தியாவுக்கு முதல் ஜம்போ ஜெட் வந்தபோது 'வானத்து அரண்மனை' என்று விளம்பரம் செய்தார்கள். உள்நாட்டுத் தடங்களில்கூட இந்தியன் ஏர்லைன்ஸ் 1976 முதல் இரட்டை நடைவழி கொண்ட ஏ300 விமானங்களை ஓட்டியது. 1989இல் வந்த ஏ320க்கோ ஆரம்பமே சோதனை. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் ஒன்று விழுந்து நொறுங்கி 92 பேர் இறந்தனர். அந்த ரக விமானங்கள் அனைத்தையும் அரசு தரையில் நிறுத்தியது. சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட அதே விமானம்தான் இன்று இந்திய வானத்தின் ராஜா.

காரணம் அழகோ வேகமோ அல்ல. கணக்கு.

டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்

விமான நிறுவனங்களுக்கு இரண்டு செலவுகள் முக்கியம். ஒரு இருக்கையைச் சுமந்து செல்ல எவ்வளவு ஆகிறது என்பது ஒன்று. ஒரு முறை பறந்து இறங்க மொத்தம் எவ்வளவு ஆகிறது என்பது இன்னொன்று. டவுன் பஸ் நிரம்பி வழிந்தால் தலைக்குச் செலவு குறைவு. பத்துப் பேரோடு ஓடினால் டீசலுக்குக்கூடக் கட்டாது. ஷேர் ஆட்டோவில் தலைக்குச் செலவு சற்று அதிகம். ஆனால் அது சீக்கிரம் நிரம்பும், உடனே கிளம்பும்.

இந்தக் கணக்கில் தோற்ற டவுன் பஸ்தான் இரண்டடுக்கு ஏ380. நான்கு என்ஜின், ஐநூறு பேர் அளவுக்கு இடம். கிங்ஃபிஷர் 2005இல் ஐந்து ஏ380க்கு ஆர்டர் கொடுத்தது. ஒன்றுகூட வந்து சேரவில்லை. 2012இல் கிங்ஃபிஷரே பறப்பதை நிறுத்தியது. டெல்லியில் 2010இல் திறந்த மூன்றாவது முனையம் இந்த விமானத்தை வரவேற்கத் தயாராகவே இருந்தது. 2014 மே மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதை டெல்லிக்குக் கொண்டுவந்தது. பயணிகளுக்கு அதன் அமைதியும் அகலமும் பிடித்தன. ஆனால் தினமும் ஐநூறு இருக்கைகளை நிரப்பும் தெம்பு உலகில் சில நிறுவனங்களுக்கே இருந்தது. 251 விமானங்களோடு 2021இல் ஏர்பஸ் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஜம்போ ஜெட்டின் கடைசி விமானமும் 2023 ஜனவரியில் போயிங்கிடமிருந்து வெளியேறியது.

ஷேர் ஆட்டோ ஜெயித்தது. 2006இல் தொடங்கிய இண்டிகோ, அதற்கு முந்தைய ஆண்டே நூறு ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. மொத்தமாக வாங்கினால் பெரும் தள்ளுபடி. வாங்கிய விமானத்தைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்று அதையே வாடகைக்கு எடுத்தால் கையில் ரொக்கம். சில ஆண்டுகள் ஓட்டி, பராமரிப்புச் செலவு ஏறும் முன் திருப்பிக் கொடுத்துவிட்டால் எப்போதும் புது விமானம். ஒரே ரகம் என்பதால் எந்த விமானியும் எந்த விமானத்திலும் ஏறலாம். உதிரி பாகங்களும் ஒரே வகை. தரையில் நிற்கும் விமானம் காசு தராது. எனவே இறங்கிய அரை மணியில் மறுபடி கிளம்ப வேண்டும்.

இந்தியாவில் எரிபொருள் செலவு மட்டுமே விமான நிறுவனத்தின் மொத்தச் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும். தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக 29 சதவீதம். பழைய ஏ320ஐ விடக் குறைந்தது 15 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்ற வாக்குறுதியோடு 2016இல் ஏ320 நியோ வந்தபோது எல்லோரும் அதைத் துரத்தியதில் வியப்பில்லை.

முழங்காலின் கணக்கு

மிச்சம் பிடிக்க இன்னொரு இடம் உண்டு: பயணியின் முழங்கால். இண்டிகோவின் ஏ320இல் ஆரம்பத்தில் 180 இருக்கைகள். பின்னால் உள்ள கழிப்பறைகளையும் சமையல் பகுதியையும் நெருக்கி அமைத்து, புதிய விமானங்களில் ஒரு வரிசை கூட்டி 186 ஆக்கினார்கள். ஆறு இருக்கைதானே என்று தோன்றும். நாளுக்கு ஆறு முறை பறந்தால் 36 இருக்கை. ஆண்டுக்கு ஒரு விமானத்தில் மட்டும் 13,140. சுமார் ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது விதி. 180க்கும் நாலு பேர்தான், 186க்கும் நாலு பேர்தான்.

அகலத்திலும் வித்தியாசம் உண்டு. ஏ320இன் உட்புறம் 3.70 மீட்டர், 737இல் 3.54 மீட்டர். ஆறு பேர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு அங்குலம். டெல்லியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணத்தில், நடு இருக்கையில் உட்கார்ந்தவருக்கு அந்த ஒரு அங்குலத்தின் மதிப்பு தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத வசதியும் இருக்கிறது. வழக்கமான அலுமினிய விமானத்தில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்துக்குச் சமம். அதாவது ஊட்டியை விடச் சற்று மேலே. கார்பன் இழைக் கலவையில் செய்த போயிங் 787இல் அது 6,000 அடி, கிட்டத்தட்ட குன்னூர். காற்றில் ஈரப்பதமும் கூடுதல். பத்து மணி நேரம் பறந்து இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பது இதனால்தான். இருக்கை அகலத்தில் பிடித்ததைக் காற்றில் திருப்பிக் கொடுத்தார்கள் எனலாம்: 787இல் வரிசைக்கு எட்டு இருக்கை என்று தொடங்கிய யோசனை, பெரும்பாலான நிறுவனங்களில் ஒன்பதாகிவிட்டது.

எழுபத்தெட்டு பேர்

ஊருக்கு ஏற்ற விமானமும் வேண்டும். சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் 186 பேரை ஒரே நேரத்தில் சேர்ப்பது கடினம். இங்கே வேலை செய்வது ஏடிஆர் 72. விசிறி சுழலும் டர்போபிராப் விமானம். வேகம் குறைவு, இரைச்சலும் அதிர்வும் அதிகம். ஆனால் குறுகிய தூரத்தில் ஜெட்டை விட மிகக் குறைந்த எரிபொருளில் பறக்கும். குட்டையான ஓடுபாதை போதும். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள் இருப்பதிலும் ஒரு சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது. எண்பதுக்குக் குறைவான இருக்கை கொண்ட உள்நாட்டு விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது.

தூத்துக்குடியில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்துவிட்டார்கள். இனி அங்கும் ஏ320 இறங்கலாம். அந்த ஊரும் அதே வரிசையில் சேர்கிறது.

ஒன்றே குலம், ஒன்றே தும்மல்

ஒரே பயிரை மைல் கணக்கில் நட்டால் விளைச்சல் அமோகம். பூச்சி விழுந்தால் மொத்தமும் போகும். ஏ320 நியோவின் பிராட் அண்ட் விட்னி என்ஜின்களில் கோளாறு வந்தபோது இதுதான் நடந்தது. விமானங்களில் ஏறக்குறைய பாதி தரையில் நின்றதால் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தது. அது மீளவே இல்லை. இண்டிகோவிலும் ஒரு கட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் என்ஜினுக்காகக் காத்துக் கிடந்தன. 2025 நவம்பர் கடைசியில் ஏ320 குடும்பத்தின் மென்பொருளில் குறை தெரிந்தது. உலகெங்கும் சுமார் 6,000 விமானங்களையும், இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றையும் அவசரமாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் வந்தது பெரிய அடி. இதில் விமானத்தின் தவறு எதுவும் இல்லை. விமானிகளின் ஓய்வு தொடர்பான புதிய விதிகளுக்கு ஏற்ப இண்டிகோ சரியாகத் திட்டமிடவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. டெல்லியிலிருந்து புறப்பட வேண்டிய அதன் உள்நாட்டு விமானங்கள் நள்ளிரவு வரை ஒன்றுகூடக் கிளம்பவில்லை. உள்நாட்டுப் பயணிகளில் அறுபது சதவீதத்துக்கும் மேல் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, மாற்று விமானத்துக்கு எங்கே போவது? மிச்சமிருந்த இருக்கைகளின் விலை எகிற, அரசு உச்சவரம்பு விதித்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேல் உள்ள தடங்களுக்கு வரிகள் நீங்கலாக 18,000 ரூபாய். டெல்லி-சென்னை அந்தப் பட்டியலில்தான் வந்தது. துவாரகாவிலிருந்து சொந்த ஊர்க் கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ கிளம்ப இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, மலிவு டிக்கெட்டின் இன்னொரு முகம் அன்று தெரிந்தது.

வரவிருப்பதும் பெரும்பாலும் இதே வகைதான். ஏர் இந்தியா 2023இல் ஆர்டர் கொடுத்த 470 விமானங்களில் 400 ஒற்றை நடைவழி. அதே ஆண்டு இண்டிகோ கேட்ட 500இல் ஐநூறும் ஏ320 குடும்பம். ஒற்றை நடைவழியிலேயே 8,700 கிலோமீட்டர் பறக்கும் ஏ321 எக்ஸ்எல்ஆரும் அதன் ஆர்டர்களில் உண்டு. ஐரோப்பாவுக்கும் இனி ஆறு பேர் வரிசையில் போகலாம். மலிவாகவும் இருக்கலாம்.

பயணிக்கு இருக்கும் ஆயுதம் சிறியது. டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் ரகம் திரையில் தெரியும். விலைக்கு அடுத்தபடி அதையும் பார்க்கலாம். ஆனால் எல்லாத் தடத்திலும் ஒரே ரகமும், பல தடங்களில் ஒரே நிறுவனமும் என்றால் பார்த்து என்ன பயன்? இருக்கைக்கு ஆகும் செலவை நிறுவனங்கள் பைசா வரை கணக்கிடுகின்றன. பயணிக்கு ஒரு மாற்று இல்லாமல் போவதன் விலையை யார் கணக்கிடுவது என்பதற்குத்தான் அரசு இன்னும் பதில் சொல்ல வேண்டும்.